'மிஸ்' என்றால் எத்தனை கிலோ?

விமானம் ஏறுமுன் பெட்டியை நிறுக்கிறார்களே, உங்களை ஏன் நிறுப்பதில்லை என்று யோசித்ததுண்டா, சகோதரிகளே? (நிறுத்தால் நம்மில் எத்தனை பேர் ஏறுவோம் என்பது வேறு விஷயம்!) ஆண், பெண், குழந்தை என ஆளுக்கொரு சராசரி எடை போட்டு, சாமானையும் சேர்த்துப் பாரப் பட்டியல் தயாரிக்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் ஓடி மேலே எழும்புவது என்பதை விமானி அதைக் கொண்டுதான் கணக்கிடுகிறார். பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வால்பக்கம் அளவுக்கு மீறிக் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அடக்குவது கடினம்.

2020 ஜூலை 21-ம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவுக்கு ஒரு போயிங் 737 கிளம்பியது. கணக்குப் போட்ட கம்ப்யூட்டருக்கு விதி எழுதியவர்கள் வேறு தேசத்தார். அவர்கள் ஊரில் 'மிஸ்' என்றால் சிறுமி! இங்கிலாந்திலோ கல்யாணமாகாத பெரிய பெண்ணும் 'மிஸ்'தான். விளைவு? 38 பெண்மணிகள் ஒரே நொடியில் குழந்தைகளாகிவிட்டார்கள். ஆளுக்கு 69 கிலோ போட வேண்டிய இடத்தில் 35 கிலோ! பட்டியலில் குறைந்தது 1,200 கிலோவுக்கு மேல். இத்தனை குழந்தைகளா என்று விமானிக்கும் தோன்றியதாம். ஆனால் கொரோனாக் காலம்; கடைசி நேரத்தில் பயணிகள் மாறுவது சகஜமாயிருந்ததால் நம்பிவிட்டார்.

நல்லவேளையாக, எஞ்சினுக்குக் கொடுத்த விசை தேவைக்குச் சொற்பமே குறைவு. விமானம் பத்திரமாக எழும்பிற்று. அதன் பிறகு, பட்டியலில் 'மிஸ்' என்றிருந்த பெரிய பெண்களைத் தேடிப் பிடித்துத் திருத்துவதற்கென்றே ஊழியர்கள் தினமும் உட்கார வேண்டியதாயிற்று!