பவர் எழுதியாச்சு, அப்புறம்?

உயில் ஆள் இறந்த பிறகுதான் வாய் திறக்கும். உயிரோடு இருந்து, பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ கையெழுத்துப் போட முடியாமல் கிடந்தால்?

கோலாலம்பூர் செந்தூலில் கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும்: "அதான் பெரியவன் பேர்ல பவர் எழுதி வெச்சாச்சே!" பட்டறை வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீடு, சேமிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பத்திரமே காவல் என்று நம்புகிறோம். மலேசியாவின் 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தவர் என்று தீர்ப்பானால் சாதாரண பவர் பத்திரம் செல்லாது என்கிறது அதன் 5ஆவது பிரிவு. தீர்ப்புக்கு முன்பே நிலைமை தெரிந்துவிட்டாலும் வங்கி அதைத் தொடத் தயங்கும். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது கைவிட்டுவிடும்.

வங்கி கவுன்டரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மகன் அப்பாவின் ஐ.சி., பாஸ்புக், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் பரப்புகிறார். "அங்கிள் நேர்ல வந்து கைரேகை வைக்கணும்" என்கிறார் கவுன்டரில் இருக்கும் பெண். அவர் மேல் தப்பில்லை. யாரோ ஒருவர் வந்து நம் பணத்தை எடுக்கக் கூடாது என்றுதானே அந்த விதி?

மனைவி, பிள்ளை என்ற உறவு மட்டும் போதாதா? 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று போதாது என்று காட்டியது. கோமாவில் இருந்த கணவரின் சிகிச்சைக்கு, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறும் அவருடைய சொத்தை விற்க அனுமதி கேட்டார் மனைவி. தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில்தான் இரு நீதிபதிகள் அமர்வு அவரைக் காப்பாளராக நியமித்தது. அதற்கும் நிபந்தனை உண்டு: 50 லட்சம் ரூபாய் கணவர் பெயரில் வைப்பு நிதியாக இருக்க வேண்டும், வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளலாம்.

கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால் அந்த அம்மா அப்படி அலைய வேண்டியிருந்தது. இங்கே மலேசியாவில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்தது. உறவினர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் விசாரித்து, ஆளைப் பார்த்துக்கொள்ளவும் சொத்தை நிர்வகிக்கவும் 'கமிட்டி'யை நியமிக்கும். கமிட்டி என்றதும் கோயில் கமிட்டி நினைவுக்கு வரும். இது ஒரே ஆளாகவும் இருக்கலாம். வீட்டை விற்பதற்கு அந்தக் கமிட்டியும் நீதிமன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், மருத்துவர் அறிக்கை, அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எல்லாமே ஆள் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது என்பதே என் குறை.

சிங்கப்பூரில் 2010 மார்ச் முதல் நிலைமை வேறு. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் நமக்காக முடிவெடுக்கப் போகிறவரை நாமே எழுதிப் பதிவு செய்யலாம். நினைவு தப்பினாலும் அந்தப் பத்திரம் நிற்கும். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

அதுவரை? அன்றாடச் செலவுக்கு, இருவரில் எவரும் தனியாகக் கையெழுத்திடக்கூடிய கூட்டுக் கணக்கு உதவும். ஆனால் யாரைச் சேர்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சேர்ந்தவர் மொத்தப் பணத்தையும் எடுக்கலாம். சொத்து கொஞ்சம் அதிகம் என்றால் அறக்கட்டளைப் பத்திரம் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அறங்காவலர் பெயருக்கு மாற்றிய சொத்து நம் நினைவு தப்பினாலும் முடங்காது. ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் செய்யும் வாரிசு நியமனம் மரணத்துக்குப் பிறகுதான் பயன்படும். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பணம் ஒரு பக்கம், சிகிச்சை இன்னொரு பக்கம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்பத்துக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நோயாளி தெளிவாக எழுதி வைத்த மறுப்பை மருத்துவர் மதிக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி சொல்கிறது. செயற்கைச் சுவாசம் எதுவரை, குழாய் வழி உணவு வேண்டுமா, யாரிடம் மருத்துவர் பேச வேண்டும் என்பதைத் தேதியோடு எழுதி, சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதி மருத்துவக் கோப்பில் இருக்கட்டும். இன்னொன்று, அவசரத்தில் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவர் கையில் இருக்கட்டும். அலமாரியில் நகையோடு வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.