சிங்கத்தின் மேல் பாசம் பாவமா?

கோடை விடுமுறையில் படிக்க அமெரிக்கக் கிறிஸ்தவப் பள்ளிகள் பல தரும் கதை இது. சி. எஸ். லூயிஸ் எழுதி 1950-ல் வெளிவந்தது. துணி அலமாரிக்குள் புகுந்த பிள்ளைகள் பனிக்காட்டில் போய் நிற்கிறார்கள்! மே வெயிலில் படித்தால் கெலமங்கலத்துப் பிள்ளைக்கும் குளிரும். அங்கே அஸ்லான் என்ற சிங்கம், துரோகம் செய்த சிறுவனுக்காக உயிர் கொடுத்து மறுபடி எழுகிறது.

சூனியக்காரி வரும் கதை ஏன் என்று முகம் சுளித்த பெற்றோர் உண்டு. 1955-ல் அமெரிக்காவில் 9 வயதுப் பையனுக்கு வந்த கவலையோ வேறு. ஏசுவைவிட அஸ்லான் மேல் அன்பு அதிகமாகிவிட்டதே!

தாயார் கடிதம் போட்டார். லூயிசே பதில் எழுதினார்: அஸ்லானிடம் பையனுக்குப் பிடித்தவை ஏசு செய்த காரியங்களே, அவன் நேசிப்பது ஏசுவைத்தான். தமது கதைகளால் வேறு குழந்தைகள் கலங்கியிருந்தால் தம்மை மன்னிக்கும்படி ஜெபிக்கவும் அந்தப் பையனையே கேட்டுக்கொண்டார்.