தட்டுவது யார், தட்டுப்படுவது எது?

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு வருடம் ஓடிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினாராம். சிக்னலில் ஏசி ஓட நிற்கும்போது மட்டும் டேஷ்போர்டுக்குள் தகரம் அதிர்வதுபோல ஒரு கடகடப்பு. வண்டி நகர்ந்துவிட்டால் காணோம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிங்க் ராடு மாற்றினார்கள், இன்னொன்றில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். லிங்க் ராடும் புஷ்ஷும் பள்ளம் மேட்டில் குரல் கொடுப்பவை. நிற்கிற வண்டியின் சத்தத்துக்கு அவற்றைக் கழற்றியவர்கள், வண்டியை ஓட்டிப் பார்க்காமலே பில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடகடப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். தட்டுவது ஒன்று, தட்டுப்படுவது வேறொன்று. எவ்வளவு வேகமாகத் தட்டு விழுகிறது என்பது தட்டுவது யார் என்று சொல்லும். ஓசை தகரமா, பிளாஸ்டிக்கா, கனத்த இரும்பா என்பது தட்டுப்படுவது எது என்று சொல்லும். நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது தாளமும் மாறினால் தட்டுவது என்ஜின். சாலையின் மேடுபள்ளத்துக்கு மட்டும் வந்தால் சஸ்பென்ஷன், அல்லது டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி. (சிரிக்காதீர்கள். முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.) பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் பிரேக் பேடு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகள் மட்டும் என்ஜின் முன்பக்கம் கரகரத்தால் டைமிங் செயின் பக்கம் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் வாசகருடைய சத்தம் ஏன் ஏசி ஓடும்போது மட்டும் வருகிறது? மூன்று சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் வினாடிக்கு 20 உதைகள். ஏசி கம்ப்ரஸரின் சுமை ஏறியதும் ஐடில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். 900 சுற்று என்றால் 22.5 உதைகள். எங்கள் வீட்டு மிக்சி இரண்டாம் எண்ணில் ஓடினால் அலமாரியில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு மட்டும் கிணுகிணுக்கும். மூன்றுக்குத் திருப்பினால் அடங்கிவிடும். தட்டின் மேல் விரலை வைத்தாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு. வெளியிலிருந்து வரும் உதை அதோடு ஒத்துப்போகும் இடத்தில்தான் அது துள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நம் காது செய்யும் பிழை. சத்தம் இடப்பக்கமிருந்து வந்தால் இடக் காதை முதலில் தொடுகிறது. அதிகம் போனால் மில்லி வினாடியில் 0.7 பங்குக்குள் அடங்கும் அந்த வித்தியாசத்தைக் கொண்டு மூளை திசை சொல்லிவிடுகிறது. ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசைகளில், எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதே துணை. 1907ல் இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கிய கணக்கு இது. ஆனால் இடது முன்பக்கம், இடது கீழ்ப்பக்கம், இடது மேல்பக்கம் மூன்றிலிருந்தும் ஒரே அளவு வித்தியாசம் வரும்படியான இடங்கள் உண்டு. வெளியில் தலையைத் திருப்பிச் சந்தேகம் தீர்த்துக்கொள்கிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அது முடிவதில்லை. போதாததற்குக் கண்ணாடிகள் சத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன, பாடியின் இரும்புத் தகடுகள் அதைக் கடத்திக்கொண்டுபோய் வேறெங்கோ விடுகின்றன. தரைக்கு அடியில் அதிர்வது டேஷ்போர்டுக்குள் அதிர்வதாகச் சத்தியம் செய்யத் தோன்றும்.

அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்கிறார்கள். 1816ல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்ட அதே வித்தை. திருப்புளியின் முனை தொட்ட இடத்தின் சத்தம் மட்டும் தெளிவாக ஏறும். வேட்டியும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசகர் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் ஹீட் ஷீல்டு மேல். சைலன்சர் குழாயின் சூடு மேலும் கீழும் பரவாமல் தடுக்கும் மெல்லிய தகடு அது. போல்ட் துளையைச் சுற்றித் துருப்பிடித்துத் துளை அகன்றுவிட்டால் ஆடத் தொடங்கும். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது நீண்ட மரக்குச்சியால் அதை அழுத்தச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் ஆள் கிடைத்துவிட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. வண்டி நன்றாக ஆறியபின் அகலமான வாஷர் போட்டு இறுக்கலாம், அல்லது குழாயைச் சுற்றி எவர்சில்வர் ஹோஸ் கிளிப் மாட்டலாம். பலர் தகட்டைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். சத்தம் போய்விடும், அடுத்த முறை காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தும்போதும், காலடி கார்ப்பெட் சூடேறும்போதும் அந்தத் தகடு எதற்கு இருந்தது என்று தெரியவரும்.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, அது ஆறியபின் கை முஷ்டியால் தட்டும்போது டப்பாவுக்குள் கல் உருள்வதுபோலக் கேட்டால், உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் பொதுவாக 400 கண்கள் கொண்ட, பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய கூடு அது. 1995ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் பட்டால் அது செத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. இத்தனை பாடுபட்டு வந்த பொருளைக் கம்பியால் குத்திக் கொட்டிவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டித் தருகிறார்கள், ‘பிக்கப் நல்லா இருக்கும் சார்’ என்று சொல்லி. அந்த வண்டியின் பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவர் குழந்தையை முன்னால் உட்கார வைத்திருப்பார்.

கூடு காரணமில்லாமல் உடையாது. ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்டிருக்கலாம். பெரும்பாலும் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியாக வேலை செய்யாமல், எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்து பீங்கானை உருக்கியிருக்கும். புதிய கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுப் புதியது மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.