அவர் என்று எழுதுங்கள்!

(மாணவி, இரண்டாமாண்டு, மின்னணுவியல் துறை)



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, “செல்போன் டவர் எப்படி வேலை செய்கிறது என்று எழுதேன்” என்றார்கள். அதைப் போன வருஷ மலரிலேயே சீனியர் அண்ணன் ஒருவர் படம் போட்டு எழுதிவிட்டார். நான் ஒரே ஓர் எழுத்தைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். ‘ர்’ என்ற எழுத்து. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பதை ‘வந்தார்’ ஆக்குகிறதே, அந்த எழுத்து. செய்தித்தாளில் அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கல் வேலை. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற வழியில் ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமையானால் பேப்பரை நான் உரக்கப் படிக்க வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். மனசுக்குள் படிக்கிறவர்களுக்கு இது தெரியாது, உரக்கப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மந்திரி ‘வந்தார்’. டாக்டர் ‘சொன்னார்’. செயின் பறித்தவன் ‘ஓடினான்’. இதுவரை வாய் தடுமாறாது. ஒரு திருநங்கையைப் பற்றிச் செய்தி வந்தால்தான் தடுமாறும். முதல் வரியில் ‘அவர்’, நாலாவது வரியில் ‘அவன்’, நடுவில் அடைப்புக்குறிக்குள் அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய பெயர். ஒரே ஆளைப் பற்றித்தான் படிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். பட்டறையில் சிரிப்பு எழுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய விவாதமே நடக்கிறது. ஆண் என்றால் ஒரு சொல், பெண் என்றால் ஒரு சொல். இரண்டும் வேண்டாம் என்பவருக்குப் பன்மைச் சொல்லை ஒருமைக்கு இழுத்து வருகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. ‘அவர்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது. இவ்வளவு வசதியான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘அது’ என்கிறோம்!

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இந்தப் பேச்சு வருகிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிகளையே அது பெறும் என்கிறார். மனிதர் என்றால் உயர்திணை, அவ்வளவுதான். பின்னால் வந்த நன்னூல் கொஞ்சம் இறங்கி, அஃறிணை போலச் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறது. பவணந்தி முனிவரோடு எனக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் சண்டை.

சரி, பெயர்ச்சொல்லுக்கு வருவோம். தெருவில் சொல்லும் வசைச் சொற்களை இங்கே அச்சடிக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். கூத்தாண்டவர் கதையிலிருந்து வந்தது ‘அரவாணி’. 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தபோது அந்தப் பெயரில்தான் அமைத்தது. அதன் பிறகு ‘திருநங்கை’ என்ற சொல் பரவியது. பிறந்தபோது ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துத் திருநர் என்கிறார்கள். ‘மூன்றாம் பாலினம்’ என்றும் எழுதுகிறார்கள். அதைக் கேட்டு, “அப்போ முதலாவது யார், இரண்டாவது யார்? வரிசை போட்டது யாரு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பாலினத்தை அவரே சொல்லலாம், அதற்கு அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பத்திரிகைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ வேண்டும் என்று சென்னைக்கு வந்து, பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் போய்ப் பாடம் கேட்டார்! பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். நீதிபதியே மாணவராகப் போனார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான், இவர்களைக் குறிக்கக் கண்ணியமான தமிழ்ச் சொற்கள் வேண்டும், பத்திரிகைகளும் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சம்பந்தப்பட்டவர்களே சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 20 அன்று தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆகவே “என்ன சொல்லால் எழுதுவது என்று தெரியவில்லை” என்று எந்த நிருபரும் இனிமேல் சொல்ல முடியாது.

ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் செய்தி மாறிவிடாது. ‘திருநங்கை’ என்ற நல்ல சொல்லைப் போட்டே மோசமான செய்தி எழுதலாம்.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இவர்களுக்குப் பேப்பரில் இரண்டே இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, குற்றச் செய்தி: டோல்கேட்டில் தகராறு, ரயிலில் காசு கேட்டு வாக்குவாதம். இன்னொன்று சித்திரை மாதத்தில் கூவாகம் திருவிழா, விழுப்புரத்தில் அழகிப் போட்டி, கலர் கலராகப் படம். மறுநாள் தாலி அறுத்து அழுகிற படம். பிறகு அடுத்த சித்திரைதான். நடுவில் இருக்கிற பதினொரு மாதமும் இவர்கள் வாடகை வீடு தேடுகிறார்கள், ரேஷன் கடையில் நிற்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அது செய்தி ஆவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ஆண், பெண் அல்லாத கட்டத்தில் பதிவானார்கள். அத்தனை பேரும் சண்டை போடுகிறவர்களா, அழகிப் போட்டிக்குப் போகிறவர்களா?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். பெயரும் ஊரும் எழுதவில்லை. மற்றதை எழுத அவரிடம் கேட்டுக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில்தான் பழக்கம். அவர் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம். ஆனாலும் வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின ராத்திரி, தெரு அடங்கின பிறகு வருவார். அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஊரில், “மகன் வெளியூர்ல வேலை பாக்குறான்” என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. ஏழு பேருக்குக் காயம். ஒரு பேப்பரில் ஆறு பேருக்குப் பெயரும் வயதும் போட்டார்கள். இவருக்கு மட்டும் பழைய பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், ‘என்கிற’ போட்டு இப்போதைய பெயர். தலைப்பிலும் இவர்தான். ஆட்டோ ஏன் கவிழ்ந்தது என்பது கடைசி வரியில் இருந்தது. கால் எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அந்தப் பேப்பர் அவர் ஊர் டீக்கடைக்கும் போயிற்று. “குழாயடிக்குப் போக முடியலடா, இந்த வருஷம் வராதே” என்று அம்மா போனில் சொன்னாராம். அவர் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் போகவில்லை.

அந்தச் செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனியுங்கள். ஊர் சரி, பெயர் சரி, வயது சரி. விபத்துச் செய்திக்கு அந்த விவரம் எதற்கு என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. கொத்தனார் ஒருவர் விழுந்தால் ‘ஆண் விழுந்தார்’ என்றா தலைப்புப் போடுகிறோம்?

ஒருவரை அவர் வாயால் பேசவிடாமல், அவர் உடம்பைப் பற்றி ஊரே பேசுவது திருநருக்கு மட்டும் நடப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். அவருடைய மருத்துவ விஷயத்தை நாடு முழுவதும் டி.வி.யிலும் பேப்பரிலும் அலசினார்கள். செங்கல் சூளைக் கூலி வீட்டுப் பெண் எப்படி அவ்வளவு வேகமாக ஓடக் கற்றுக்கொண்டார் என்று அலசியவர்கள் ரொம்பக் குறைவு.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் டி.வி.யில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். செய்தியில் வருகிறவராக மட்டும் இருந்தவர், செய்தி சொல்கிறவராக உட்கார்ந்தார். கிரேஸ் பானு நம்மைப் போல டிப்ளமோ படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2014இல் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கினார். 2019இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் ‘முதல் திருநங்கை’ என்ற தலைப்போடு செய்தி நின்றுவிடுகிறது. பரதத்தில் அவர் என்ன சாதித்தார் என்று படிக்க ஆசைப்பட்டால் வேறு எங்கேயோ தேட வேண்டும்.

தர்மராஜ ரதத்தில் அர்த்தநாரீஸ்வரர் சிற்பம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கட்டுரையாளர்கள் இந்த விஷயம் என்றாலே அந்தச் சிலைக்குப் போய்விடுகிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். “சாமியா செதுக்குறது சுலபம் பாப்பா, பக்கத்துல உக்கார வெச்சு டீ குடிக்கிறதுதான் கஷ்டம்” என்றார். முன்பு சிரித்தவர்களில் அவரும் ஒருவர்தான்.

இன்னொரு கூட்டத்தாருக்குப் பேப்பரில் அந்த இரண்டு இடம்கூடக் கிடையாது. யார் மேலும் உடல் ஈர்ப்பு தோன்றாதவர்கள். அல்பாலீர்ப்பு என்று இதைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இது பிரம்மச்சரியம் அல்ல. பிரம்மச்சாரி ஆசையை அடக்குகிறார், இவருக்கு அடக்க ஒன்றும் இல்லை. ஆண்மைக் குறைவும் அல்ல. உடம்பு நன்றாகவே இருக்கும். சிலருக்கு அன்பு, துணை எல்லாம் வேண்டியிருக்கும், அது ஒன்று மட்டும் வேண்டியிருக்காது. 2004இல் ஆந்தனி போகர்ட் என்ற கனடா நாட்டு ஆய்வாளர், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆராய்ந்தார். ஏறக்குறைய 100க்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார்கள். நம் கல்லூரியில் எத்தனை பேர் படிக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், தன்னை இப்படி அடையாளம் சொல்கிறவரை ‘ஆசைக் குறைவு நோய்’ என்று முத்திரை குத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

நம் ஊரில் இதைப் பற்றி எழுதுவது யார்? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் லாட்ஜ் வைத்தியர் போஸ்டர். வாரப் பத்திரிகையில் ‘டாக்டர் பதில்கள்’. “எனக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, அந்த நினைப்பே வரவில்லை” என்று ஒருவர் எழுதிக் கேட்டால், “கவலை வேண்டாம், திருமணமானால் சரியாகிவிடும்” என்று பதில் போடுகிறார்கள். இந்த ஒரு வரியை நம்பி நடக்கிற கல்யாணத்தில் வந்து சேரும் இன்னொருவர் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள்! கேள்வி கேட்டவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை, தன்னைப் பற்றிக் கேட்டார். இங்கே பத்திரிகை பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும், ஏதோ ஒரு ஹாஸ்டல் அறையில் ஒருவர் அன்று தூங்குவார்.

தவறாக எழுதினால் என்ன செய்வது? டீக்கடையில் திட்டிவிட்டுப் போகத் தேவையில்லை. முதலில் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கே கடிதம் எழுத வேண்டும். பதில் இல்லை என்றாலோ, திருப்தி இல்லை என்றாலோ, டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், மற்ற இதழ்களுக்கு 4 மாதம். செய்தியைக் கத்தரித்துத் தேதியோடு இணைக்க வேண்டும், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் வேண்டும். டி.வி. செய்தி இந்த மன்றத்தின் கீழ் வராது. நான் சொன்ன அக்காவின் விஷயத்தில் அந்த 2 மாதம் அவர் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் படுத்திருந்தபோதே கடந்து போய்விட்டது. அதனால் எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். நல்லது, கெட்டது இரண்டையும் தேதி போட்டு ஒட்டி வைக்கிறோம். இதுவரை 2 கடிதம் எழுதியாயிற்று. ஓர் ஆசிரியர் பதில் போட்டார், இன்னொருவர் போடவில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிற பேப்பரில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கத்தரித்து, தேதியும் பக்க எண்ணும் குறித்து, மாலை நாலரைக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் லேபில் கொண்டுவந்து கொடுங்கள்.