விருந்தளிக்கும் நாடும் விளையாட்டரங்கும்

பிற நாட்டு விளையாட்டு வீரரைத் தன் நகருக்கு அழைத்துப் போட்டி நடத்தும் நாடு இரண்டு கடமைகளை ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றது. வந்தவரை உபசரிப்பது ஒன்று. வந்தவரை வெல்ல முயல்வது மற்றொன்று. விருந்தினரைத் தோற்கடிக்க விரும்புவதில் தவறு இல்லை. ஆனால் அவர் நேர்மையாக ஆடுவதற்கு வேண்டிய சூழலை அமைத்துக் கொடுத்த பின்னரே அவரை வெல்லுதல் வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரண்படும் வேளையில் என்ன நிகழும் என்பதை இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் பட்மின்டன் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

நாடுகளுக்கிடையிலான பட்மின்டன் போட்டிகளுள் தலையாயவை தொமஸ் கிண்ணமும் ஊபர் கிண்ணமும் ஆகும். முன்னது ஆடவர் குழுக்களுக்கும் பின்னது மகளிர் குழுக்களுக்கும் உரியது. 1939ஆம் ஆண்டில் தொமஸ் கிண்ணத்துக்கு வித்திட்டவர் சேர் ஜோர்ஜ் தொமஸ் என்னும் ஆங்கிலேயர். பட்மின்டனில் மட்டுமன்றிச் சதுரங்கத்திலும் பிரித்தானிய வாகை சூடியவர் அவர். உலகப் போர் குறுக்கிட்டமையால் முதற் போட்டியின் இறுதியாட்டம் 1949இலேயே நடைபெற்றது. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த அவ்வாட்டத்தில் மலாயா, டென்மார்க்கை எட்டுக்கு ஒன்று என வென்றது. ஆங்கில வீராங்கனை பெற்றி ஊபரின் பெயரால் அமைந்த மகளிர் கிண்ணம் 1957இல் முதன்முறையாக வெல்லப்பட்டது. முற்காலத்தில் தொமஸ் கிண்ணத்திற்காக இரு நாடுகள் மோதும்போது ஒன்பது ஆட்டங்கள் இரண்டு இரவுகளில் ஆடப்பட்டன. 1984 முதல் இரு கிண்ணங்களும் ஒரே நகரில், ஒரே காலத்தில், ஐந்து ஆட்டங்கள் கொண்டவையாக நடைபெற்று வருகின்றன.

சொந்த அரங்கம் ஓர் ஆட்டக்காரருக்கு எவ்வாறு துணைபுரிகின்றது என்பதை அறிய இவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். இறகுப்பந்து பதினாறு இறகுகளால் ஆனது. அதன் எடை ஐந்தரைக் கிராமுக்கு மேற்படாது. அத்துணை இலேசான பொருளை மெல்லிய காற்றும் திசை திருப்பிவிடும். ஆதலினாலேயே பெரும் போட்டிகள் மூடிய மண்டபத்துக்குள் நடைபெறுகின்றன. வெப்பம் மிகுந்த மண்டபத்தில் பந்து விரைந்து பறக்கும். குளிர்ந்த மண்டபத்தில் தாமதிக்கும். ஒரு மண்டபத்தில் நெடுநாள் பழகியவர் அதன் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் விளக்கொளி விழும் கோணத்தையும் தம் கைபோல் அறிவர். வந்தவருக்கு இவையனைத்தும் புதியன.

ஒலியும் இவ்வாட்டத்தில் முக்கிய இடம் பெறுகின்றது. மட்டை பந்தைத் தொடும் ஓசையைக் கொண்டே எதிரி ஓங்கி அடித்தாரா, மெல்லத் தட்டினாரா என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் ஊகித்துக் கொள்வர். இரட்டையர் ஆட்டத்தில் இணைவர் இருவரும் ஒருவரையொருவர் குரல் கொடுத்தே வழிநடத்துவர். ஆகவே மூடிய மண்டபத்தில் எழும் பேராரவாரம் சொந்த நாட்டவருக்கு ஊக்கமாகவும், வந்தவருக்குச் செவியை அடைக்கும் திரையாகவும் அமைந்துவிடுகின்றது.

1958இல் சிங்கப்பூரில் மலாயாவை வென்று தொமஸ் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றிய இந்தோனேசியா, 1961இல் ஜகார்த்தாவின் புதிய செனாயன் அரங்கில் தாய்லாந்தை ஆறுக்கு மூன்று என வென்று அதனைத் தக்கவைத்துக் கொண்டது. சுதந்திரம் பெற்றுப் பல்லாண்டு கழியாத அந்நாட்டுக்கு இவ்வெற்றி வெறும் விளையாட்டு வெற்றியாகத் தோன்றவில்லை. உலக அரங்கில் தலைநிமிர்ந்து நிற்பதன் அடையாளமாகவே தோன்றியது.

1967இல் அதே நகரில் இந்தோனேசியா மலேசியாவை எதிர்கொண்டது. முதலிரவின் முடிவில் மலேசியா மூன்றுக்கு ஒன்று என முந்தி நின்றது. அவ்விரவில் இந்தோனேசியாவுக்குக் கிட்டிய ஒரே வெற்றியைத் தேடித் தந்தவர் பதினேழு வயது நிரம்பிய ரூடி ஹார்ட்டோனோ. மறுநாளும் அவர் வென்றார். ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது நிலை நான்குக்கு மூன்று ஆயிற்று. எஞ்சியவை இரண்டு இரட்டையர் ஆட்டங்கள். மலேசியாவுக்கு ஒன்று போதும். இந்தோனேசியாவுக்கு இரண்டும் வேண்டும்.

எட்டாவது ஆட்டத்தில் மலேசியாவின் இங் பூன் பீ, டான் யீ கான் இணையினர் முதற் பகுதியை வென்றனர். அடுத்த பகுதியில் இந்தோனேசியர் பின்னிலையிலிருந்து மேலெழுந்தபோது அரங்கின் ஆரவாரம் எல்லை கடந்தது. வந்தவர் அமைதியுடன் ஆட இயலாத நிலை ஏற்பட்டது. தலைமை மத்தியஸ்தர் ஹேர்பேர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்தினார். பார்வையாளர் இன்றிக் கதவடைத்து ஆடும் யோசனையை இந்தோனேசியத் தரப்பு ஏற்கவில்லை. எஞ்சிய ஆட்டங்களை நியூசிலாந்தில் நடத்தலாம் என்று சர்வதேசச் சம்மேளனம் தெரிவித்தபோதும் அது இணங்கவில்லை. முடிவில் அவ்விரு ஆட்டங்களும் மலேசியாவுக்கு வழங்கப்பட்டன. ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் கிண்ணம் கைமாறியது.

இங்கு இழப்பு இருசாராருக்கும் உரியது. மலேசியர் தம் வெற்றியைக் களத்தில் நிறைவு செய்யும் மகிழ்ச்சியை இழந்தனர். இந்தோனேசிய ஆட்டக்காரரோ, எழுச்சி பெற்ற வேளையில் வாய்ப்பையே இழந்தனர். தம்மவர் மீது கொண்ட அன்பினால் எழுப்பிய குரலே தம்மவரின் கையைக் கட்டிவிட்டது. அரங்கின் பலத்தை நம்பாமலும் வெல்ல முடியும் என்பதற்கு அடுத்த போட்டியே சான்றாயிற்று. 1970இல் கோலாலம்பூரில், மலேசிய மக்களின் கண்முன்னே, இந்தோனேசியா ஏழுக்கு இரண்டு என வென்று கிண்ணத்தை மீட்டது.

சொந்த மண் வெற்றிக்கு உறுதிச்சீட்டு அன்று என்பதை ஜகார்த்தா 1986இலும் கண்டது. அவ்வாண்டு சீனா அங்கு வந்து இரு கிண்ணங்களையும் கொண்டு சென்றது. எட்டாண்டுகளின் பின், 1994 மே மாதத்தில், அதே செனாயன் அரங்கில் இந்தோனேசியாவின் இரு குழுக்களும் மீண்டும் களமிறங்கின. ஆடவர் குழு மலேசியாவை மூன்றுக்குப் பூச்சியம் என வென்றது. மகளிர் குழுவுக்கும் சீனாவுக்கும் இடையிலான இறுதியாட்டமோ இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலைக்கு வந்தது.

முதலாட்டத்தில் சூசி சுசாந்தி போன்ற அனுபவம் மிக்க வீராங்கனை வென்று கொடுத்திருந்தார். ஆயினும் இறுதி முடிவு பதினான்கு வயதுச் சிறுமியாகிய மியா அவுடினாவின் கையில் வந்து சேர்ந்தது. எதிரே நின்றவர் சீனாவின் ஷாங் நிங். முதற் பகுதியை 11-7 என வென்ற மியா, இரண்டாவதை 10-12 என இழந்தார். ஓர் அரங்கம் முழுவதன் எதிர்பார்ப்பும் ஒரு சிறுமியின் தோள்மீது இறங்கிய வேளை அது. ஆரவாரம் துணையாவது போலவே சுமையாவதும் உண்டு. அச்சுமையைத் தாங்கி, மூன்றாவது பகுதியை அவர் 11-4 என முடித்தார். 1975இற்குப் பின் ஊபர் கிண்ணம் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. இரு போட்டிகளும் ஒருங்கே நடைபெறத் தொடங்கிய பின்னர், போட்டியை நடத்திய நாடே இரு கிண்ணங்களையும் வென்றது அதுவே முதன்முறை.

அன்று தோற்ற ஷாங் நிங் சோர்ந்துவிடவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், அப்போது நெதர்லாந்துக்காக ஆடிய அதே மியாவை வென்று தங்கப் பதக்கம் பெற்றார். இருவரில் எவருக்கும் சொந்தமல்லாத அரங்கில் அப்பழைய கணக்கு நேர் செய்யப்பட்டது.

1967இலும் 1994இலும் மக்களின் ஆர்வம் ஒன்றே, அரங்கும் ஒன்றே. முன்னதில் ஆட்டம் நின்றது. பின்னதில் கடைசிப் புள்ளிவரை ஆடி முடிக்கப்பட்டது. வந்த குழுவும் தன் திறமை முழுவதையும் காட்டித் தோற்ற பின்னரே வென்ற குழுவின் வெற்றி ஐயத்துக்கு இடமின்றி நிலைபெறுகின்றது. அத்தகைய வெற்றியைத் தம்மவர் பெறுவதற்கு இடமளிப்பதே அரங்கில் அமர்ந்திருப்போர் தம் நாட்டுக்குச் செய்யத்தக்க உதவியாகும்.