துறை மாறுவோர்க்குப் பன்னாட்டு உறவுக் கல்வி

நுழையும்முன்

ஒரு துறையில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னர், வேறொரு துறைக்கு மாற விரும்புவோர் நம் ஊர்களிலும் பெருகி வருகின்றனர். அவ்வாறு மாறுவோரைப் பெரிதும் ஈர்க்கும் துறைகளுள் பன்னாட்டு உறவுகள் குறித்த கல்வியும் ஒன்று. அப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொப்பூரும் உலகும்

தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வழியில் உள்ளது தொப்பூர்க் கணவாய். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இக்கணவாயின் வழியே செல்கிறது. மேட்டூர், பவானி, ஈரோடு நோக்கிப் பிரியும் சாலையும் இங்கேதான் தொடங்குகிறது. இரவும் பகலும் ஓயாமல் கடந்து செல்லும் சரக்குந்துகளைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வூர் மக்கள். அவ்வண்டிகளை நிறுத்தி உள்ளிருப்பதைக் கேட்டால், உலகத்தின் பெரும்பகுதி அவற்றில் பயணம் செய்வது விளங்கும். கிருட்டினகிரி, தருமபுரி மாவட்டங்களின் மாங்கூழ் மேற்காசிய நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. ஓசூரில் உருவாகும் இயந்திர உறுப்புகள் துறைமுகங்களை நோக்கிச் செல்கின்றன. வண்டிக்கு ஊற்றும் டீசலும் வெளிநாட்டுத் தொடர்புடையதே. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் எழுந்தால், அதன் சுமை சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள வண்டி உரிமையாளரின் கணக்கேட்டில் வந்து நிற்கும்.

2022ஆம் ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபோது நம் வீட்டு அடுக்களையில் சூரியகாந்தி எண்ணெயின் விலை உயர்ந்தது. அங்கு மருத்துவம் பயின்ற தமிழக மாணவர்கள் ‘ஆபரேஷன் கங்கா’ நடவடிக்கையின் வழியே ஊர் திரும்பினர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரின் பின்னலாடைத் தொழில் தடுமாறியது. பன்னாட்டு உறவு என்பது தலைநகரங்களில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இவை போதும். இத்துறையைக் கற்க வேண்டும் என்னும் ஆவல் தொப்பூரில் பிறந்த ஒருவருக்கு எழுவதில் வியப்பேதும் இல்லை.

துறை மாறி வந்த இருவர்

இத்துறையில் பெரும்பெயர் பெற்ற தமிழர் சிலர் வேறு தொழிலிலிருந்து வந்தவர்களே. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்தவர் சி. இராசரத்தினம். மலாயாவில் வளர்ந்த அவர், சட்டம் பயில இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. சட்டப் படிப்பு நிறைவுறவில்லை. எழுத்தே அவருடைய தொழிலாயிற்று. சிறுகதைகள் எழுதினார், மலாயா திரும்பிய பின் இதழாசிரியராகப் பணியாற்றினார். 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1959இல் பண்பாட்டு அமைச்சரானார். 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது அதன் முதல் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றார். 1967 ஆகஸ்டு 8ஆம் நாள் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த அறிவிப்பில் கையொப்பமிட்ட ஐவருள் அவரும் ஒருவர்.

மற்றொருவர் ஜி. பார்த்தசாரதி. சென்னை மாகாணத்துக்காக மட்டைப்பந்து ஆடியவர். ‘தி இந்து’ நாளிதழின் உதவி ஆசிரியராக இருந்தவர். பின்னர் இந்தோனேசியா, சீனம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இந்தியாவின் தூதுவராகப் பணியாற்றினார். ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் விளங்கினார். 1969இல் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1955இல் தொடங்கப்பட்ட இந்தியப் பன்னாட்டுக் கல்விப் பள்ளி 1970இல் அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இன்றும் நம் நாட்டில் இத்துறையின் முதன்மையான கல்வியிடங்களுள் ஒன்று அதுவே. சிங்கப்பூரில் 1996இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம் ஒன்று, 2007 முதல் இராசரத்தினத்தின் பெயரால் பன்னாட்டுக் கல்விப் பள்ளியாக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கி வருகிறது. சட்டப் படிப்பை முடிக்காதவரின் பெயர் தாங்கிய பள்ளியில் சேர இன்று பட்டமும் மதிப்பெண் பட்டியலும் கேட்கப்படுகின்றன என்பது காலத்தின் மாற்றம். அவ்விருவரும் வாழ்ந்தது, புதிய நாடுகள் பிறந்து ஆட்களைத் தேடிய காலம். அவர்களைக் காட்டி, பட்டம் வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது பிழையாகும். பட்டம் இருந்தாலே போதும் என்று எண்ணுவதும் அதற்குக் குறைந்த பிழையன்று.

எந்த நாற்காலி?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தொப்பூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, இயந்திரப் பொறியியல் பயின்று, ஓசூர்த் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் ஆறாண்டுகள் பணியாற்றிய ஒரு பெண். வயது 28. அவர் ஆய்ந்து அனுப்பும் உறுப்புகள் செருமனிக்குச் செல்கின்றன. அந்நாட்டின் தர விதிகள் மாறும்போதெல்லாம் ஆலையின் வேலைமுறையே மாறுவதைக் கண்டவர். “இவ்விதிகளை எழுதுவோர் யார்? அந்த மேசையில் நம் நாட்டவர் அமர முடியாதா?” என்னும் கேள்வி அவரைத் துறை மாறத் தூண்டுகிறது.

அவர் முதலில் செய்ய வேண்டியது பல்கலைக்கழகத்தைத் தேடுவதன்று. தாம் அமர விரும்பும் நாற்காலியைத் தெளிவுபடுத்திக்கொள்வதாகும். தூதராக வேண்டும் என்பதே விருப்பமாயின், இந்திய வெளியுறவுப் பணிக்குரிய வாயில் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வு. அத்தேர்வுக்கு ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதும். அவருடைய பொறியியல் பட்டமே தகுதியாகிவிடுகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வயது வரம்போ பொதுப்பிரிவினருக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 37. முதுகலைக்கு இரண்டாண்டுகள் செலவிட்டால் இவ்வரம்பில் இரண்டாண்டுகள் கழிகின்றன. தூதராக வேண்டும் என்பதற்காகவே பெருஞ்செலவில் வெளிநாட்டில் முதுகலை பயில்வது, தன் ஊர்ப் பேருந்துக்காக அடுத்த மாவட்டத்தில் காத்திருப்பதைப் போன்றது.

ஐக்கிய நாடுகள் அமைப்புகளே இலக்காயின் நிலைமை வேறு. அங்குள்ள தொழில்முறைப் பதவிகளுக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்கப்படுகிறது. இளங்கலையுடன் கூடுதல் ஆண்டுகள் தொடர்புடைய பணி அனுபவம் உடையவரும் பல அறிவிப்புகளில் ஏற்கப்படுகின்றனர். ‘தொடர்புடைய’ என்னும் அச்சொல்லை ஊன்றிப் படித்தல் வேண்டும். தர விதிகள் குறித்த ஆறாண்டு அனுபவம், வணிகத்தையும் தொழில் தரங்களையும் கையாளும் அமைப்பில் மதிக்கப்படும். ஏதிலியர் நலன் காக்கும் அமைப்பில் அதே அனுபவம் ஏறத்தாழ வெறுமையாகும். இளந்தொழில்முறையாளர்க்கான ஐ.நா. தேர்வுத் திட்டத்துக்கு வயது வரம்பு 32. அவ்வாண்டின் பங்கேற்பு நாடுகளின் பட்டியலில் தம் நாடு இடம்பெற்றுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஐ.நா. அவையின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, உருசியம், எசுப்பானியம். ஆங்கிலத்துடன் மற்றொன்றைக் கற்றவர் முன்னே நிற்பார். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, மொழிக் கல்வி அதில் ஓர் உறுப்பாக உள்ளதா என்று பார்ப்பது இதனாலேயே.

கதவுகள் யாருக்காகக் கட்டப்பட்டவை?

பன்னாட்டுக் கல்விப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு தேவையை முன்னிட்டுப் பிறந்தவை. முதல் உலகப்போரின் அழிவுக்குப் பின், 1919இல், வேல்சிலுள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு அரசியலுக்கெனப் பேராசிரியர் இருக்கை ஒன்று நிறுவப்பட்டது. உலகில் இத்துறைக்கென அமைந்த முதல் இருக்கை அது. அதே ஆண்டில் வாசிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பணிப் பள்ளி தோன்றியது. சட்டத்தின் வழி ஒருங்கிணைந்த அமெரிக்க வெளியுறவுப் பணி உருவானதோ 1924இல்தான். பணிக்கு முன்னரே பள்ளி வந்துவிட்டது. செனீவாவின் பட்டமேற்படிப்பு நிறுவனம் 1927இல் நாடுகளின் சங்கத்தின் நிழலில் தொடங்கப்பட்டது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளெட்சர் பள்ளி 1933இலும், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பள்ளி 1943இலும், கொலம்பியாவின் பள்ளி 1946இலும் தோன்றின.

இவ்வரலாற்றை அறிவதால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் பயின்றோர் பலர் அந்நாட்டின் அரசுப் பணிகளுக்குச் செல்கின்றனர். பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்புப் பட்டியல்களில் அவர்களும் சேர்த்தே எண்ணப்படுவர். அந்நாட்டின் வெளியுறவுப் பணியில் சேர அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். இந்தியக் குடிமகளுக்கு அக்கதவு திறவாது. பயிற்சிப் பணிக்கும் கால எல்லை உண்டு. அமெரிக்காவில் படித்து முடித்த அயல்நாட்டு மாணவருக்குப் பொதுவாக 12 மாதங்களே அதற்கு இசைவளிக்கப்படுகிறது. அறிவியல், தொழில்நுட்பப் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட படிப்புகளுக்கு மட்டும் அது நீட்டிக்கப்படுகிறது. ஆகவே, ஒரு பள்ளி தன் மாணவருள் பத்தில் ஒன்பது பேர் வேலை பெற்றனர் என்று விளம்பரம் செய்தால், அயல்நாட்டு மாணவருள் எத்தனை பேர், எந்த நாட்டில், எத்தகைய வேலை பெற்றனர் என்று தனியே கேட்டு எழுத வேண்டும். விடை தர மறுக்கும் பள்ளியை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொல்வேன்.

> தெரியுமா?
> ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கையொப்பமிட்டோருள் ஆற்காடு இராமசாமி முதலியாரும் ஒருவர். வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கிய அவர், 1946இல் ஐ.நா. பொருளாதார, சமூக அவையின் முதல் தலைவரானார்.

நிலத்தின் மேல் ஒரு கணக்கு

தேர்வில் மிகவும் நுட்பமாக ஆராய வேண்டியது செலவே. அமெரிக்கப் பள்ளிகளில் முதுகலை பெரும்பாலும் இரண்டாண்டு. பிரித்தானியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் ஓராண்டு. குறுகிய காலமாயின் கட்டணமும் இழக்கும் சம்பளமும் குறையும். ஆனால், துறைக்கே புதியவர் நட்புகளை உருவாக்கிக்கொள்ளவும் இடையில் பயிற்சிப் பணி பெறவும் ஓராண்டு போதாமலும் போகலாம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு 40 இலட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வங்கிகள் பொதுவாக ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குப் பிணைச் சொத்துக் கேட்கின்றன. நம் மாவட்டத்துக் குடும்பங்களில் அச்சொத்து பெரும்பாலும் வீடாகவோ மானாவாரி நிலமாகவோ இருக்கும். 10 விழுக்காட்டு வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத்தவணை ஏறத்தாழ 53,000 ரூபாய். மொத்தமாகச் செலுத்துவது 63 இலட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இத்துறையின் தொடக்கநிலைப் பணிகள் பலவும், குறிப்பாகத் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும், இத்தவணையைத் தாங்கும் ஊதியம் தருவதில்லை. பயிற்சிப் பணிகள் பல ஊதியமற்றவை. ஓசூரில் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த சம்பளத்தையும் விட்டுவிட்டே இவர் செல்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். உதவித்தொகையோ கட்டண விலக்கோ இன்றி, நிலத்தை ஈடு வைத்து மட்டும் இப்படிப்புக்குச் செல்வதை ஓர் ஆசிரியனாக என்னால் பரிந்துரைக்க இயலாது.

பணி அனுபவம் உடையவர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. நல்கைகள் பல அவர்களுக்கென்றே அமைந்தவை. பிரித்தானிய அரசின் செவனிங் நல்கைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். ஃபுல்பிரைட்–நேரு முதுகலை நல்கைக்கு மூன்றாண்டு. நேற்றுப் பட்டம் பெற்றவர் நெருங்க முடியாத வாயில் இது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆகியவற்றைப் பட்டியல் இன மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு வாயில்கள்

கடன் சுமையின்றிக் கற்க உள்நாட்டிலேயே இடமுண்டு. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கட்டணம் நம் ஊர்த் தனியார் மழலையர் பள்ளிகளின் கட்டணத்தைவிடவும் குறைவு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பன்னாட்டு உறவுகள் பாடத்தில் முதுகலை உண்டு; தொப்பூரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் சென்றுவிடலாம். இவ்விரண்டிலும் முதுகலைக்கான பொது நுழைவுத்தேர்வின் வழியே இடம் கிடைக்கிறது. பொறியியல் படித்தோரும் எழுதலாம். சார்க் நாடுகள் இணைந்து 2010இல் தில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் பன்னாட்டு உறவுகளில் முதுகலை அளிக்கிறது. இலங்கை, நேபாள, வங்கதேச மாணவருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து அண்டை நாட்டுச் சிக்கல்களை விவாதிப்பது, நூலில் படிப்பதினும் மேலான கல்வி.

பாடத்திட்டத்தின் பெயரைக் கண்டு மயங்குதலும் கூடாது. ‘பன்னாட்டு உறவுகள்’ என்னும் ஒரே பெயரின்கீழ் ஓரிடத்தில் கோட்பாடும் வரலாறும் மிகுந்திருக்கும். மற்றோரிடத்தில் பாதுகாப்பும் போர்முறையும். வேறோரிடத்தில் வணிகமும் பொருளியலும். நம் எடுத்துக்காட்டில் வரும் பொறியாளருக்குப் பன்னாட்டு அரசியல் பொருளியலும் வணிகச் சட்டமும் முதன்மையாக அமைந்த படிப்பே பொருந்தும். அணு ஆயுதக் கொள்கையைப் பேசும் படிப்பு எத்துணைப் புகழ்பெற்றதாயினும், அவருடைய ஆறாண்டு அனுபவத்தை அது வாசலிலேயே விட்டுவிடச் செய்யும்.

தமிழறிவையும் குறைவாக மதிப்பிட வேண்டா. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பாக் நீரிணை மீனவர் சிக்கலையும், 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய–இலங்கைக் கடல் எல்லை உடன்பாடுகளையும், தமிழகத்தில் வாழும் இலங்கைத் தமிழரின் மறுவாழ்வையும் ஆராய்வோருக்கு இருகரை மக்களின் சொற்களையும் நேரே கேட்டறியும் திறன் பெருந்துணை. சேர்க்கைக்கான தன்விளக்கக் கட்டுரையில் பலரும் இதை எழுத மறந்துவிடுகின்றனர்.

காலத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிவுறும். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் டிசம்பர், சனவரியில் விண்ணப்பங்களை முடித்துக்கொள்ளும். இந்தியப் பொது நுழைவுத்தேர்வு அதனை அடுத்து வரும். பரிந்துரைக் கடிதங்களுக்கு, பட்டம் பெற்று ஆறாண்டுகள் கழிந்தபின் கல்லூரிப் பேராசிரியரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும். ஆலையின் மேலாளரிடமும் கேட்க வேண்டியிருக்கும். வேலையை விடுவது இவையனைத்தும் முடிந்து, சேர்க்கைக் கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் கைக்கு வந்த பின்னரே.