மாநிலம் மாறும் மோட்டார் சைக்கிள்: இரட்டை வரியின் சுமை யாருக்கு?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தின் பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்று 46-ஆம் பிரிவில் உறுதியளிக்கிறது. ஆனால் அடுத்த பிரிவே அவ்வுறுதிக்குக் காலவரம்பு விதித்து, வாகனம் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால் அங்குள்ள பதிவு அதிகாரியிடம் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது. பெங்களூரில் வேலைபார்த்துவிட்டு, தம் மோட்டார் சைக்கிளை ரயில் பார்சலில் ஏற்றி மதுரை வண்டியூருக்குத் திரும்பும் ஒருவர், கர்நாடகப் பதிவெண்ணை விடுத்து மதுரைக்குரிய 58, 59, 64 ஆகிய குறியீடுகளில் ஒன்றுக்கு மாற வேண்டியிருப்பது இவ்விதியால்தான்.

இதற்கு முதல் தேவை தடையின்மைச் சான்று, அதாவது வழக்கில் என்.ஓ.சி. எனப்படும் ஆவணம்; வரி பாக்கியோ திருட்டு வழக்கோ வாகனத்தின்மீது இல்லை என்பதைச் சரிபார்த்து, பழைய பதிவு அலுவலகம் இதை வழங்குகிறது. 28-ஆம் எண் படிவத்தில் இதற்கு விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் மறுப்பு ஏதும் தெரிவிக்கப்படாவிட்டால், சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 48-ஆம் பிரிவு கூறுகிறது. வண்டி தவணைக் கடனில் வாங்கப்பட்டிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதலும் சேர வேண்டும். அதன்பின் 27-ஆம் எண் படிவம், ஆர்.சி. புத்தகம், காப்பீடு, முகவரிச் சான்று, சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு ஆகியவற்றுடன் வண்டியைப் புதிய அலுவலகத்தில் ஆய்வுக்குக் காட்ட வேண்டும்.

இந்தத் தாள்களைக் காட்டிலும் கடினமானது வரி. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வாகன வரி மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனமாக இருப்பதால், பதிவு நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தும் வரி மாநிலந்தோறும் தனித்தனியே நிற்கிறது. ஆயுள்கால வரி என்பது வாகனம் பதிவாகும்போதே ஒரே தவணையில் செலுத்தப்படும் வரியாகும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்துக்கு 10 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 12 விழுக்காடும் விதிக்கப்படுகிறது. பிற மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு அதன் வயதுக்கேற்ப விகிதம் குறைந்தாலும், அங்கே கட்டிய தொகை இங்கே கழிக்கப்படுவதில்லை.

15 ஆண்டுகளுக்கென 10,000 ரூபாய் வரி கட்டியவர் மூன்றே ஆண்டுகளில் மாநிலம் மாறினால், நேர்விகிதக் கணக்கில் 8,000 ரூபாய்க்குரிய பயன் எஞ்சியிருக்கிறது. முந்தைய மாநிலம் தன் அட்டவணைப்படி ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்றாலும், புதிய மாநிலத்தில் வரி கட்டி மறுபதிவு செய்ததற்கான சான்றைக் காட்டிய பிறகே அதைக் கோர முடியும். ஆகவே இரண்டாவது வரிக்கான முழுத்தொகையையும் கையில் வைத்திருப்பவர்தான் முதல் வரியின் மிச்சத்தை எட்ட முடிகிறது. அதற்காகப் பழைய ஊருக்கு ஒருமுறை போய்வருவதற்குள் தினக்கூலிக்காரர் இழக்கும் ஊதியமும் பயணச் செலவும், திரும்பக் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. காரின் உரிமையாளருக்கு முயற்சிக்குத் தக்கதாகத் தோன்றும் தொகை, மோட்டார் சைக்கிள் உரிமையாளரால் கைவிடப்படுவது இதனாலேயே.

இச்சிக்கலைத் தீர்க்க, 2021 செப்டம்பர் 15 முதல் மத்திய அரசு பி.எச். வரிசை என்னும் பாரதப் பதிவெண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் வரி ஈராண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. மாநிலம் மாறினாலும் எண் மாறுவதில்லை. ஆனால் இவ்வரிசை பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறைப் பணியாளர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரியது. தனியார் ஊழியர் தம் நிறுவனத்திடமிருந்து 60-ஆம் எண் படிவத்தில் பணிச் சான்றும் பெற்றுத் தர வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வேலைதேடிச் செல்லும் கொத்தனாருக்கும், வெல்டருக்கும், தச்சருக்கும் அத்தகைய சான்றளிக்க எவருமில்லை. அலைச்சல் மிகுந்த தொழிலாளிக்கு இல்லாத சலுகை, மாத ஊதியமும் பணிப்பாதுகாப்பும் உள்ளவருக்குக் கிடைப்பது நீதியாகாது. 12 மாத வரம்பைத் தாண்டிய பின் அத்தொழிலாளி ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் குற்றவாளிபோல் நிற்க நேர்வதும், பெயர் மாற்றாமலேயே வண்டியைக் கைமாற்றிவிட்டுப் பின்னர் விபத்து வழக்கில் சிக்குவதும் அதன் தொடர்விளைவுகளாகும்.

சாலைகளைப் பராமரிக்க மாநிலங்களுக்கு வருவாய் தேவை என்பதும், மறுபதிவு திருட்டு வாகனங்களைக் கண்டறிய உதவுகிறது என்பதும் எதிர்த்தரப்பின் வாதங்கள். எனினும், வருவாயைப் பங்கிடும் பொறுப்பு அரசுகளுடையதேயன்றி வண்டி ஓட்டுபவருடையதன்று. பெரும்பாலான மாநிலங்களின் பதிவு விவரங்கள் 'வாகன்' என்னும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ளன. எனவே தடையின்மைச் சான்று வழங்கப்படும்போதே எஞ்சிய வரியைக் கணக்கிட்டு, அதைப் புதிய மாநிலத்தின் கணக்குக்கு மாற்றி, வேறுபாட்டை மட்டும் உரிமையாளரிடம் பெறும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்; அதுவரை, பி.எச். வரிசையை இருசக்கர வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் பணிச் சான்று கேட்காமல் திறந்துவிட வேண்டும்.